குதிரைப் படத்தின் பின்கட்டு

லண்டன் நேஷனல் கேலரியில் ஒரு குதிரை இருக்கிறது. சேணம் கிடையாது, கடிவாளம் கிடையாது, முதுகில் ராஜாவோ ஜாக்கியோ கிடையாது. பின்னால் மரம், மலை, வானம், வேலி எதுவுமே கிடையாது. வெறும் மங்கிய சந்தன நிறப் பரப்பு. அதன் முன்னால் ஒரு செம்பழுப்புப் பொலிகுதிரை முன்னங்கால்களைத் தூக்கி எழும்பி, தலையை நம் பக்கம் திருப்பி, ‘யாருய்யா நீ?’ என்று ஒற்றைக் கண்ணால் கேட்கிறது. படத்தின் உயரம் 292 சென்டிமீட்டர், அகலம் 246. அசல் குதிரை அளவு! பெயர் விசில்ஜாக்கெட். வரைந்தவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். ஆண்டு ஏறத்தாழ 1762.

இதைப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் பேசுவது அந்தத் தோலைப் பற்றித்தான். என்ன மினுமினுப்பு! தோலுக்கடியில் ரத்தக்குழாய் புடைத்து ஓடுகிறது, தோள்பட்டைத் தசை இறுகி நிற்கிறது, வயிற்றுப் பக்கம் நிழல் மெல்லக் கரைகிறது. கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் என்று சத்தியம் செய்யலாம். எண்ணெய் வண்ணத்தில் இதை எப்படிக் கொண்டுவந்தார் மனிதர்? ரகசிய வார்னிஷா? யாருக்கும் கிடைக்காத பிரஷ்ஷா?

இரண்டும் இல்லை. விடை கேலரியில் இல்லை. லிங்கன்ஷயர் பகுதியில் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில், ஒரு பண்ணைவீட்டுக்குள் இருக்கிறது. வாருங்கள், முன்கூடத்து அழகையெல்லாம் விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போவோம். கைக்குட்டை இருக்கிறதல்லவா? மூக்கில் கட்டிக்கொள்ளுங்கள்.

1756ஆம் ஆண்டு. ஸ்டப்ஸுக்கு முப்பத்திரண்டு வயது. லிவர்பூல்காரர். அப்பாவுக்குத் தோல் பதப்படுத்தும் தொழில், ஆகவே செத்த மிருகத்தின் வாடை பிறந்த வீட்டுச் சமாசாரம். எட்டு வயதிலேயே பக்கத்து மருத்துவர் ஒருவரிடம் எலும்புகளை இரவல் வாங்கிவந்து வரைந்தாராம். கொஞ்ச நாள் ஓர் ஓவியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்து நகலெடுக்கும் வேலை. பிடிக்கவில்லை, கிளம்பிவிட்டார். இனி இயற்கையைப் பார்த்துத்தான் வரைவேன் என்று ஒரே பிடிவாதம். யார்க் நகரத்து மருத்துவமனையில் மனித உடலை அறுத்துப் படித்தார். பேறுகால மருத்துவம் பற்றி ஜான் பர்ட்டன் எழுதி 1751இல் வந்த நூலுக்குப் படங்கள் போட்டார். செப்புத் தகட்டில் படம் வெட்டுவது எப்படி என்று அப்போது அவருக்குத் தெரியாது. அந்த ஒரு புத்தகத்துக்காகவே கற்றுக்கொண்டார். ரோமாபுரிக்கும் ஒரு நடை போய்வந்தார். அங்கிருந்த பழஞ்சிற்பங்களைவிட இயற்கையே மேல் என்று உறுதி செய்துகொண்டு திரும்பினாராம். போகாமலே தெரிந்திருக்கும் அவருக்கு!

அதற்குப் பிறகுதான் குதிரை. ஹார்க்ஸ்டோ வீட்டில் சுமார் பதினெட்டு மாதம். கூட இருந்தவர் ஒரே ஒருவர், மேரி ஸ்பென்சர். தாலி கட்டாத மனைவி என்று நம் ஊரில் சொல்லியிருப்பார்கள். வீட்டுக் கூரையிலிருந்து ஓர் இரும்புக் கம்பி தொங்கும். அதில் வெவ்வேறு அளவில் கொக்கிகள். உயிரோடு கொண்டுவந்த குதிரையின் கழுத்து ரத்தக்குழாயை வெட்டி ரத்தத்தை வடியவிடுவார். பிறகு அந்தக் குழாய்களுக்குள் உருக்கிய மிருகக் கொழுப்பை ஊசியால் ஏற்றுவார். அது உறைந்தால் குழாய்கள் சுருங்காமல், உயிரோடிருந்தபோது இருந்த வடிவத்திலேயே நிற்கும். அடுத்தது பிணத்தைத் தூக்கிக் கொக்கிகளில் மாட்டும் வேலை. கீழே ஒரு பலகையைத் தொங்கவிட்டு, குளம்புகளை அதில் பொருத்தி, குதிரை நடப்பதுபோல நிறுத்துவார். செத்த குதிரை நடக்கிறது! அதைப் பார்த்து இவர் வரைகிறார்!

தோலை உரித்தால் ஒரு படம். அடுத்த தசைப் படலத்தை எடுத்தால் இன்னொரு படம். அதையும் எடுத்தால் மறுபடி ஒன்று. இப்படியே எலும்பு வரும்வரை. ஒவ்வொரு தசைக்கும் எங்கே தொடங்குகிறது, எங்கே போய் ஒட்டுகிறது, எதை இழுக்கிறது என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு. ஒரு குதிரை பதினோரு வாரம் அப்படியே தொங்கியது. குளிர்ப்பெட்டி இல்லாத காலம். ஃபார்மலின் என்ற பேச்சே உலகத்தில் இல்லை. மேரி ஸ்பென்சருக்குத் தனியாக ஒரு சிலை வைக்கவேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

ஸ்டப்ஸின் உடல்வலுவைப் பற்றி ஒரு கதையும் உலவுகிறது. செத்த குதிரையைத் தன்னந்தனியாக முதுகில் சுமந்துகொண்டு குறுகிய மாடிப்படி ஏறிவிடுவாராம். ஒரு குதிரை என்ன எடை இருக்கும் என்று தெரிந்தவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். ஆனால் இப்படி ஒரு கதை கட்டத் தோன்றும் அளவுக்கு அந்த மனிதர் ஊர்வாயில் இருந்திருக்கிறார், அது நிஜம்.

அந்த வரைபடங்களில் 42 இன்று லண்டன் ராயல் அகாடமியில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் அதிர்ச்சி வேறு மாதிரி வரும். ரத்தம் இல்லை, ஈ இல்லை, கொக்கி இல்லை. பென்சில் கோட்டில் அத்தனை சுத்தம். தோலில்லாத ஒரு குதிரை, தசை தெரிய, கண் தெரிய, அமைதியாக நம்மைத் தாண்டி நடந்து போகிறது. இவ்வளவு நாற்றத்துக்கு நடுவில் இவ்வளவு சுத்தமான கோடு எப்படி வந்தது? இந்தக் கதை முழுவதிலும் எனக்குப் புல்லரிக்கும் இடம் இதுதான். விசில்ஜாக்கெட்கூட இரண்டாவதுதான்.

படங்களைச் சுருட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார். செப்புத் தகடு வெட்டும் நிபுணர்களிடம் காட்டினார். குதிரைக் குடலும் குளம்பும் யாருக்கு வேண்டும் என்று கைவிரித்துவிட்டார்கள். சரி, நானே வெட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். பகலில் காசுக்கு ஓவியம். விடியற்காலையிலும் ராத்திரியிலும் தகடு. வருடக்கணக்கில் இழுத்த அந்த வேலை 1766இல் ‘குதிரையின் உடற்கூறு’ என்ற பெயரில் 18 பெரிய படங்களோடு புத்தகமாக வந்தது. ஹாலந்தின் பெயர்பெற்ற உடற்கூற்று அறிஞர் பெட்ரஸ் காம்பர் அதைப் பார்த்து அசந்துபோய்ப் பாராட்டி எழுதினார். கல்லூரி வாசலை மிதிக்காத தோல்காரர் மகன்!

ஆனால் புத்தகம் அச்சாகும்வரை பிரபுக்கள் காத்திருக்கவில்லை. அந்த வரைபடங்களைக் கண்ணால் பார்த்ததுமே ஆர்டர்கள் குவியத் தொடங்கிவிட்டன. ஏன் இந்த அவசரம்? அப்போது இங்கிலாந்துப் பணக்காரர்களைப் பந்தயக் குதிரைப் பைத்தியம் உச்சந்தலையில் பிடித்திருந்தது. கிழக்கு நாடுகளிலிருந்து பொலிகுதிரைகளைக் கொண்டுவந்து உள்ளூர்ப் பெட்டைக் குதிரைகளோடு சேர்த்து, தரோபிரெட் என்ற புதிய இனத்தையே உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். தாத்தா பெயர், பாட்டி பெயர், பந்தய வரலாறு என்று ஒவ்வொரு குதிரைக்கும் ஜாதகம் உண்டு. அத்தனை செலவழித்து வளர்த்த குதிரை ஒருநாள் செத்துப்போகும். சுவரில் இருந்தால் சாகாது. சாப்பாட்டு அறையில் விருந்தாளி நிமிர்ந்து பார்த்தால், ‘ஓ, இதுதானா அது!’ என்று கேட்கவேண்டும். கேட்டால்தான் சொல்ல முடியும், எவ்வளவு ஜெயித்தது என்று. குதிரை ஓவியச் சந்தையின் சூட்சுமம் முழுக்க இதற்குள் அடங்கிவிட்டது. இன்றைக்கும் அதே சூட்சுமம்தான்.

அப்படி ஆர்டர் கொடுத்தவர்களில் ஒருவர் ராக்கிங்ஹாம் பிரபு. பின்னால் இரண்டு தடவை பிரிட்டிஷ் பிரதமரானவர். யார்க்ஷயரில் வென்ட்வர்த் வுட்ஹவுஸ் என்ற அரண்மனை அவருடையது. முகப்பு மட்டும் 600 அடிக்கு மேல் நீளம்! விசில்ஜாக்கெட் அவர் லாயத்துக் குதிரை, 1749இல் பிறந்தது. ஜின்னும் வெல்லப்பாகும் கலந்த ஒரு சளி மருந்துப் பானத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். 1759 ஆகஸ்டில் யார்க் மைதானத்தில் நாலு மைல் ஓட்டம். பந்தயப் பணம் 2000 கினி. ஜெயித்தது. அதோடு ஓட்டத்துக்கு முழுக்குப் போட்டு, லாயத்தில் ராஜபோகமாக வாழ ஆரம்பித்தது. போகம் என்றாலும் குணம் மாறவில்லை. முரடு, முன்கோபி. கிட்டப் போகவே லாயக்காரர்கள் யோசிப்பார்களாம்.

இப்போது, எனக்கு மிகவும் பிடித்த வம்பு. ஸ்டப்ஸின் கடைசிக் காலத்தில் ஓசையாஸ் ஹம்ஃப்ரி என்ற ஓவியர் அவரிடம் கதை கேட்டு எழுதிவைத்தார். அதில் வருகிறது இது. படம் முடியும் தறுவாயில், கொஞ்சம் தள்ளி நின்று நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாமே என்று ஸ்டப்ஸ் அதை வெளியே லாயச் சுவரில் சாய்த்துவைத்தாராம். அந்த நேரம் பார்த்துப் பையன் விசில்ஜாக்கெட்டை நடத்திக்கொண்டு வருகிறான். குதிரை நிமிர்ந்து பார்க்கிறது. எதிரே இன்னொரு பொலிகுதிரை! என் லாயத்தில்! ஒரே கனைப்பு, ஒரே பாய்ச்சல். கயிற்றைப் பிடித்திருந்த பையன் தரையை விட்டுக் கிளம்பிவிட்டான். ஸ்டப்ஸ் வண்ணத்தட்டையும், கையைத் தாங்கிப் பிடிக்கும் கோலையும் வைத்துக் குதிரையை அடித்து விரட்டினார். படம் பிழைத்தது. கலை விமர்சகர்கள் எழுதிய எத்தனையோ பக்கங்களைவிட இந்தக் குதிரை எழுதிய விமர்சனம்தான் நேர்மையானது. கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

பின்னணி ஏன் வெறுமையாக இருக்கிறது என்பது அடுத்த வம்பு. மேலே அரசர் மூன்றாம் ஜார்ஜை உட்காரவைத்து முழு அரச ஓவியமாக்கத் திட்டம் இருந்தது, அரசருக்கும் பிரபுவுக்கும் அரசியலில் மனஸ்தாபம் வந்ததால் கைவிட்டார்கள் என்று அந்தக் காலத்திலேயே பேசிக்கொண்டார்கள். முன்னங்கால் தூக்கி நிற்கும் நிலை ராஜாக்களுக்கு உரியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் இதை நம்புவதாக இல்லை. காரணம், பின்னங்குளம்புகளுக்குப் பக்கத்தில் பாருங்கள்: சின்னதாக நிழல் விழுந்திருக்கிறது. தரையே இல்லாத படத்தில் நிழல்! தரையை அப்புறம் வேறொருவர் வரைவார் என்றால் இவ்வளவு நிதானமாக நிழல் போட்டு முடித்திருக்கமாட்டார். தவிர, அதே பிரபுவுக்காக அதே சமயத்தில் தாய்க்குதிரைகளும் குட்டிகளும் வரிசையாக நிற்கும் படம் ஒன்றையும் பின்னணியே இல்லாமல்தான் வரைந்தார். அதில் எந்த ராஜாவை உட்காரவைப்பது? குதிரையை முதலில் முழுசாக வரைந்துவிட்டு, அப்புறம் அதைச் சுற்றிப் புல்லையும் வானத்தையும் நிரப்புவது ஸ்டப்ஸின் வழக்கம். இங்கே குதிரை முடிந்ததும் யாரோ ஒரு புத்திசாலி ‘போதும், நிறுத்து’ என்று சொல்லியிருக்கிறார். பிரபுவா ஸ்டப்ஸா தெரியாது, யாராயிருந்தாலும் கும்பிடலாம்.

படம் வென்ட்வர்த் வுட்ஹவுஸில் தனி அறையில் மாட்டப்பட்டது. இன்றும் அந்த அறைக்கு விசில்ஜாக்கெட் அறை என்றே பெயர். ஒரு குதிரைக்காக ஒரு அறை! வாரிசுகள் வழியாக இருநூறு ஆண்டுக்கு மேல் அந்தக் குடும்பத்திலேயே இருந்து, 1997இல் 1.1 கோடி பவுண்டுக்கு நேஷனல் கேலரிக்கு வந்தது.

சென்னைக்காரர்களுக்கு இடையில் ஒரு துண்டுச் செய்தி. மதராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட், 1763இல் பதவி முடிந்து ஊர் திரும்பியபோது ஒரு சிவிங்கிப்புலியை அரசருக்குப் பரிசாகக் கொண்டுபோனார். 1764இல் வின்ட்சர் பூங்காவில் அதை ஒரு கலைமான் மேல் ஏவிப் பார்த்தார்கள். மான் முட்டித் தள்ளிவிட்டது! ராஜ சபை முன்னால் அவமானம். அந்தப் புலியையும், அதோடு போன இரண்டு இந்தியர்களையும் மானையும் சேர்த்து வரைந்தவர் நம் ஸ்டப்ஸ்தான். படம் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்த இருவரின் முகங்களைப் பாருங்கள், வெள்ளைக்காரப் பிரபுக்களுக்குக் கொடுத்த அதே கவனம். புலியை அடக்கிப் பிடித்திருக்கும் கையில் எத்தனை பதமான பழக்கம்!

சரி, லாயத்துக்குத் திரும்புவோம். ஸ்டப்ஸ் படங்களில் சந்தையில் அதிக விலை போனது விசில்ஜாக்கெட் இல்லை, ஜிம்கிராக். குள்ளமான சாம்பல் நிறக் குதிரை. போலிங்புரோக் பிரபு என்ற சூதாடிக்காக 1765இல் வரைந்தது. 2011 ஜூலையில் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 2.24 கோடி பவுண்டுக்கு மேல் போனது. படத்தில் என்ன வேடிக்கை என்றால், ஒரே குதிரை இரண்டு முறை வருகிறது. பின்னால் ஜிம்கிராக் மற்றக் குதிரைகளை முந்திப் பந்தயத்தை ஜெயிக்கிறது. முன்னால், அதே ஜிம்கிராக் ஓடி முடித்து, பயிற்சியாளரும் லாயப் பையனும் ஜாக்கியும் சூழ நிற்கிறது. பார்வையாளர் மேடையில் ஒரு ஈ காக்கை இல்லை. ஜெயித்ததைக் கொண்டாட ஆளே இல்லை! வாங்கிய பிரபுவுக்கு இது உறைத்ததோ என்னவோ.

இங்கேதான் எனக்கு ஒரு குறும்பான சந்தோஷம். பின்னணியில் ஓடும் அந்தக் குதிரைகளை உற்றுப் பாருங்கள். முன்னங்கால் இரண்டும் முன்னால், பின்னங்கால் இரண்டும் பின்னால், வயிறு காற்றில் மிதக்க நீட்டி நிமிர்ந்து பாய்கின்றன. எந்தக் குதிரையும் அப்படி ஓடாது! 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓட்டப் பாதையோரம் கேமராக்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தபோதுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது. நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும் கணம் உண்டு; ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கிச் சேர்ந்திருக்கும், நீட்டியிருக்காது. குதிரையின் ஒவ்வொரு எலும்பையும் தொட்டுப் பார்த்த மனிதர், அதன் ஓட்டத்தைத் தப்பாக வரைந்திருக்கிறார். ஹார்க்ஸ்டோ கொக்கியில் தொங்கிய குதிரை எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கும், ஓட்டத்தைச் சொல்லிக்கொடுக்காது. அதனால்தானோ என்னவோ, ஸ்டப்ஸின் ஆகச்சிறந்த குதிரைகள் எல்லாம் நிற்கும் குதிரைகள்.

நிற்கும் குதிரைகளில் உச்சம், ஹாம்பிள்டோனியன். 1799 மார்ச்சில் நியூமார்க்கெட்டில் டயமண்ட் என்ற குதிரையோடு நேருக்கு நேர் போட்டி. பந்தயம் 3000 கினி. ஹாம்பிள்டோனியன் ஜெயித்தது, ஆனால் மயிரிழையில். சாட்டையடியிலும் முள்குத்திலும் இரண்டு குதிரைகளும் குற்றுயிராயின. சொந்தக்காரர் சர் ஹென்றி வேன் டெம்பஸ்ட், வெற்றிப் படம் கேட்டார். எழுபத்தைந்து வயது ஸ்டப்ஸ் வெற்றியை வரையவில்லை. ஓட்டம் முடிந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, வாய் பிளந்து, காது பின்னால் மடங்கி, தள்ளாடும் பிரம்மாண்டமான குதிரை ஒன்றை வரைந்தார். நீளம் பன்னிரண்டு அடி. அருகில் பயிற்சியாளரும் பையனும் உணர்ச்சி காட்டாமல் நம்மைப் பார்க்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் உடற்கூறு கணக்கு இதில் உதைக்கும்: ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டில் எடையைப் போட்டு நிற்கிறது குதிரை, பையனின் கை குதிரையின் தோள் வழியாக இயல்புக்கு மீறி நீள்கிறது. விதி தெரிந்தவர் வேண்டுமென்றே மீறியிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சர் ஹென்றி பணம் தர மறுத்துவிட்டார்! கிழவர் விட்டாரா? கோர்ட்டுக்குப் போனார், 1801இல் ஜெயித்தார். பணம் வந்தது. இன்று அந்தப் படம் வட அயர்லாந்தில் மவுன்ட் ஸ்டுவர்ட் மாளிகையின் பெரிய படிக்கட்டில் தொங்குகிறது. வீட்டுச் சுவரில் மாட்டிய குதிரைப் படங்களில் இதைப்போல மனசைப் பிசைவது வேறில்லை. வழக்கில் தோற்ற குடும்பம் அதையே வீட்டுப் பெருமையாக வைத்துக்கொண்டது.

இத்தனைக்கும் பிறகு ஸ்டப்ஸுக்கு ஊர் கொடுத்த பட்டம் ‘குதிரை ஓவியர்’. அதில் ஓர் இளப்பம். வரலாற்றுக் காட்சி வரைபவர் மேல்தட்டு, முகம் வரைபவர் நடுத்தட்டு, மிருகம் வரைபவர் திண்ணை! ராயல் அகாடமி 1781இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. சேரும்போது ஒரு படம் கொடுக்கவேண்டும் என்ற விதிக்கு அவர் இணங்காததால் முழு உறுப்பினர் ஆகவே இல்லை. 1806இல் இறந்தார். கடைசியில் செய்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? மனித உடல், புலி, கோழி மூன்றையும் அறுத்து ஒப்பிட்டு வரைவது. எண்பது வயதில்!

பிரான்ஸிலும் ஒரு பின்கட்டு உண்டு. ரோசா போனர். பாரிஸ் குதிரைச் சந்தைக்கு வாரம் இரண்டு தடவையாக ஒன்றரை வருடம் ஆண் வேடத்தில் போய் நின்று வரைந்தவர். பெண்கள் கால்சட்டை போட அப்போது போலீஸ் அனுமதிச் சீட்டு வேண்டும், வாங்கி வைத்திருந்தார். கசாப்புக் கூடங்களுக்குள்ளும் போவார். 1853 பாரிஸ் கண்காட்சியில் வைத்த ‘குதிரைச் சந்தை’ ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். பெர்ஷரான் இன வண்டிக்குதிரைகள் புழுதி கிளப்பி நம்மேல் ஏறிவிடுவதுபோல வருகின்றன. 1887இல் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் அதை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் அதற்கு முன்பே அச்சுப் பிரதிகளாக அது எண்ணற்ற நடுத்தர வீடுகளின் கூடத்துக்குள் புகுந்துவிட்டிருந்தது. பிரபு வீட்டுச் சாப்பாட்டு அறையிலிருந்து குதிரை இறங்கி நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்கு வந்த வழி அதுதான்.

நம் வீடுகளுக்கு வேறு வழியிலும் வந்துவிட்டது. வாஸ்து பார்த்து மாட்டும் ஏழு குதிரைப் படம்! பூஜை சாமான் கடை முதல் ஃபர்னிச்சர் ஷோரூம் வரை எங்கும் உண்டு. அச்சுப் படமாக வாங்குகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. ஆனால் கையால் வரைந்த எண்ணெய் வண்ணக் குதிரை என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டால், பின்கட்டைப் பார்த்துவந்த நாம் சும்மா இருக்கலாமா?

கண்ணிலிருந்து தொடங்குங்கள். குதிரையின் கண்மணி நம்முடையதைப் போல வட்டமில்லை, படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். அங்கே வட்டப் புள்ளி வைத்திருந்தால் வரைந்தவர் குதிரையைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. அடுத்தது முழங்காலுக்குக் கீழே. முன்னங்காலில் முட்டி என்று நாம் நினைப்பது உண்மையில் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்னோக்கி மடங்குவது குதிகால். குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல் நுனியில் நிற்கிறது! அந்த மணிக்கட்டுக்கும் குதிகாலுக்கும் கீழே சதை கிடையாது. எலும்பும் நாரும் தோலும்தான். ஆகவே அங்கே காய்ந்து, இறுகி, முடிச்சு முடிச்சாக இருக்கவேண்டும். வழவழவென்று வாழைத்தண்டாக இருந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

நிறத்துக்கு வாருங்கள். நல்ல ஓவியர் பழுப்புக் குதிரைக்குப் பழுப்பை மட்டும் பூசமாட்டார். முதுகின் மேல்புறம் வானத்தைப் பார்த்திருப்பதால் அங்கே மினுக்கல் லேசான நீலமாக வரும். வயிற்றடியில் தரையின் நிறம் திரும்பி விழும். முதலில் மெல்லிய தவிட்டு நிறத்தில் உருவத்தைக் கட்டி, அதன்மேல் எண்ணெய் கூடக் கூட அடுக்கடுக்காக ஏற்றி, ஒவ்வோர் அடுக்கும் இறுகக் காத்திருந்து போகும் வேலை இது. மேலடுக்கில் எண்ணெய் குறைந்தால் நாளைக்கு வெடிக்கும். ஆளி விதை எண்ணெய் நீர்போல ஆவியாகி உலராது. காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கெட்டிப்படும். கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்கவேண்டும் என்பார்கள் பழைய கைகள். ‘அடுத்த வாரம் டெலிவரி, வார்னிஷ் போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் புன்னகையோடு எழுந்துவிடுங்கள்.

வாங்கி மாட்டும்போது, மழைக்கு ஓதம் ஏறும் வெளிச்சுவரைத் தவிருங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடமும், அடுக்களைப் புகை வரும் வழியும் வேண்டாம். சட்டத்தின் கீழ் மூலைகளில் சின்னத் தக்கைத் துண்டு ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும். துடைக்கிறேன் பேர்வழி என்று ஈரத்துணி போடவே கூடாது. மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், வடக்கோ கிழக்கோ.

ஏழு குதிரைப் படம்தான் வேண்டும் என்றால் கால்களை எண்ணிப் பாருங்கள், மறைந்திருப்பவை போக மற்றவை சரியான உடம்பில் போய்ச் சேருகின்றனவா என்று. ஓவியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதை எந்தக் குதிரையைப் பார்த்து வரைந்தீர்கள்?’ அவர் ஒரு குதிரையின் பெயரைச் சொல்லி, அதன் குணத்தையும் சொல்லி, அது தன்னை எங்கே கடித்தது என்றும் காட்டினால் பேரம் பேசாமல் காசைக் கொடுத்துவிடுங்கள்.